போனை விழுங்கும் ஆவி

மிச்சிகனில் மேப்பிள் ரிட்ஜ் மனைப்பிரிவில் அந்தச் சனிக்கிழமை திருவிழாக் கூட்டம். பதினோரு குடும்பங்கள், பதினோரு அரைகுறை வீடுகள், எல்லோருக்கும் ஒரே பில்டர். அந்தக் கர்ட் ஆறு வாரமாக யார் போனையும் எடுப்பதில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க வந்திருந்தாள் ஆவி பார்க்கும் செலஸ்ட் அம்மையார், கையில் இரண்டு செம்புக் கம்பிகளும் இலைப்புகையுமாக. வக்கீலிடம் போகலாமே என்கிறீர்களா? வக்கீல் புகை போடமாட்டாரே.

ரோண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் வீட்டுக்குக் கூரையே ஏறவில்லை. கணவன் டேலோடும் அவனுடைய ஆக்சிஜன் இயந்திரத்தோடும் மனையிலேயே ஒரு டிரெய்லர் வண்டிவீட்டில் குடியிருந்தாள். பனி கொட்ட இரண்டு வாரம்தான் இருந்தது.

அவள் மனையில் கம்பிகள் குறுக்கே சாய்ந்தன.

"பாத்தியாம்மா? கீழ ஒரு ஆவி படுத்திருக்கு. நீ போடற போனையெல்லாம் அதுதான் முழுங்குது. பாவம் கர்ட், அவருக்கு மணியே அடிக்கல."

கூட்டம் கர்ட்டுக்காக உச்சுக் கொட்டியது.

"அறுபது டாலர்ல விரட்டிடலாம். ஆனா கோர்ட்டு, கேசுன்னு பேசக் கூடாது. ஆவிக்குக் கோவம் வந்துரும்."

கோர்ட்டுக்குப் பயப்படும் ஆவியை ரோண்டா கேள்விப்பட்டதே இல்லை.

"குடுத்துத் தொலை, ரோண்டா. பனி வருது," என்றான் டேல்.

"கொஞ்சம் இருப்பா."

தபால் கொடுக்க வந்த தபால்காரி ஜாய்ஸின் போனை வாங்கி, கம்பி சாய்ந்த அதே இடத்தில் நின்று, கர்ட்டை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவனுக்குத் தெரியாத நம்பர். முதல் மணியிலேயே எடுத்தான்.

"கர்ட் பேசறேன்."

"மேப்பிள் ரிட்ஜ்ல ரெண்டு மனை வேணும். ஆனா அங்க ஆவி இருக்காமே?"

கர்ட் சிரித்தான். "அதெல்லாம் நம்பாதீங்க மேடம். பழைய பார்ட்டிங்க நச்சரிக்கிறாங்கன்னு ஆவிக்கதை சொல்ல என் மச்சினி செலஸ்ட்டை அனுப்பி வெச்சிருக்கேன். பத்து நிமிஷத்துல வந்து மனையைக் காட்டவா?"

"வாங்க. மச்சினியும் இங்கதான் இருக்காங்க. பழைய பார்ட்டிங்களும் இருக்கோம்."

போன் துண்டிக்கப்பட்டது. செலஸ்ட் கம்பிகளைப் போட்டுவிட்டுக் காரை நோக்கி ஓடினாள்.

அன்று மதியமே பதினோரு குடும்பமும் கர்ட் மேல் ஒரே புகாரில் கையெழுத்திட்டது. செவ்வாய்க்கிழமை ரோண்டாவின் வீட்டில் கர்ட் அனுப்பிய கூரை ஆட்கள் ஏறினார்கள். வாங்க வருகிறவனின் போனை விட்டுவிட்டு, வாங்கி மாட்டிக்கொண்டவனின் போனை மட்டும் தின்னும் ஆவிக்கு உலகமெங்கும் பில்டர் என்றுதான் பெயர். இனிமேல் புகைக்கு மூக்கைக் கொடுக்குமுன் மூளைக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்.