நாணு சாமியின் சிவந்த எலுமிச்சை

2003-இல் கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு தேங்கிக் கிடந்தது; எலுமிச்சை மட்டும் கிடைக்கவில்லை. காரணம் மந்திரவாதி நாணு சாமி. சிங்கப்பூரில் சார்ஸ் என்ற மூச்சுநோய் பரவுகிறது என்று கேட்டதுமே ஆலுவாவிலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் தெருவில் பந்தல் போட்டுவிட்டார். தெருவே திருவிழாக் கோலம்! பயப்படுவதற்கு இவ்வளவு அலங்காரம் எங்கே கிடைக்கும்?

"கிருமி ரூபம் மாறுகிறது" என்று மலையாளப் பத்திரிகை எழுதியிருந்தது. ரூபம் மாறுவது யட்சிப் பேயின் வேலையல்லவா என்று தெரு முடிவுகட்டியது. சாமி ஆமோதித்தார். ஆளின் தலைக்குமேல் எலுமிச்சையை அறுப்பார். வெளுத்த சாறு வந்தால் சாந்த ரூபம், மந்திரத் தகடு கட்டினால் போதும். சிவந்தால் உக்கிர ரூபம். ஆள் அன்றே படகேறி ஊரைவிட்டுப் போகவேண்டும். போன வாரத் தகடு இந்த வாரம் செல்லாது. ரூபம் மாறிவிட்டதே!

ஒருநாள் எங்கள் தெரு ஒச்சம்மாளின் தம்பி இசக்கிமுத்துவை உட்காரவைத்தார்கள். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுக் காய்ச்சலோடு திரும்பியவன். கத்தி இறங்கியது. ரத்தச் சிவப்பு! கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்கியது.

"நிக்கவே முடியாதவன் எங்க போவான் சாமி?" ஒச்சம்மாள் கதறினாள்.

"ஆஸ்பத்திரிக்கு," என்றபடி மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தாள் சுமா. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். "ஜீப்புக்குச் சொல்லியாச்சு. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

"ரூபம் மாறும்னு பேப்பர்லயே உண்டல்லோ மோளே!" சாமி சீறினார்.

"மாறும். கிருமி தன்னையே படியெடுக்கும்போது பிழை விழும். பல பிழையால ஒண்ணும் ஆகாது. சிலது கிருமிக்கே கேடு. எப்பவாவது ஒண்ணு அதோட மேல முள்ளு மாதிரி நிக்கிற புரதத்தை மாத்திடும். அப்ப நம்ம செல்லுக்குள்ள சுலபமா நுழையலாம், வேகமாப் பெருகலாம், நோயும் முத்தலாம். லேப்ல பாடுபட்டுக் கண்டுபிடிக்கிற சங்கதி. இந்த எலுமிச்சங்காய்க்கு எப்படித் தெரியும்?"

சாமியின் கத்தியைப் பிடுங்கி, கரண்ட் போஸ்ட்டடியில் ஒரு எலுமிச்சையை அறுத்தாள். சிவப்பு!

"அய்யோ, போஸ்ட்டுக்கும் உக்கிர ரூபமோ!" என்றார் ஒருவர், உண்மையான கவலையோடு.

அடுத்து மீன்காரி பேச்சியம்மாளின் கத்தியை வாங்கி, இசக்கிமுத்துவின் தலைக்குமேல் அறுத்தாள். வெளுத்த சாறு, மத்தி வாசத்தோடு. கடைசியாகச் சாமியின் தலைக்குமேல், சாமியின் கத்தியாலேயே. செக்கச்செவேல்!

"செம்பருத்திச் சாறு பூசிக் காயவெச்ச கத்தி. புளிப்பு பட்டா சிவக்கும்; பூசாத கத்தின்னா வெளுப்புதான். வீட்ல நீங்களே செஞ்சு பாருங்க."

முதலில் சிரித்தவள் பேச்சியம்மாள். பிறகு தெருவே சிரித்தது. "சாமி, உங்க சட்டப்படி உங்களுக்கும் உக்கிர ரூபமாக்கும். வாங்க, படகு போயிடும்!" மேளதாளத்தோடு சாமியைக் கொண்டுபோய் வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஏற்றினார்கள்.

இசக்கிமுத்துவுக்கு சார்ஸ் இல்லை, நெஞ்சுச்சளி முற்றியிருந்தது. இன்னும் ஒருநாள் பந்தலில் வைத்திருந்தால் பிழைத்திருக்கமாட்டான் என்றார் டாக்டர். ஒச்சம்மாள் சுமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அன்று படகுத்துறையிலிருந்து திரும்பும்போது ஒருவர் என் காதில் கேட்டார்: "எதுக்கும் அந்தப் போஸ்ட்டுக்கு ஒரு தகடு கட்டிடலாமோ சேட்டா?"

மூளையில்லாத கிருமிகூடப் பிழை செய்து செய்து மாறுகிறது. நாம்தான் ஒரே பிழையை, ஓர் எழுத்துப் பிசகாமல், தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம்.