டீசல் மிச்சம் பிடித்த லூர்து மாதா பஸ்

வில்லியனூருக்கும் செல்லிப்பட்டுக்கும் நடுவே தினமும் எட்டு நடை ஓடும் 'லூர்து மாதா' பஸ்ஸுக்கு முதலாளியும் டிரைவரும் ஒருவரே. பெயர் சவரிநாதன். டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. டிக்கெட் மட்டும் வருஷக்கணக்காக இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனால் பஸ்ஸை எடைக்குப் போட்டுவிட்டு, யாரோ ஒருத்தருடைய லாரிக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான். ஆகவே டிக்கெட்டை இரண்டு ரூபாய் உயர்த்த அனுமதி கேட்டு மனு எழுதினார். அதில் 'பணிவுடன்' என்ற சொல் ஆறு இடத்தில் வந்தது.

செய்தி கேட்டதும் ஊர் கொதித்தது. வில்லியனூர் மார்க்கெட்டில் கீரை விற்கும் தையலம்மாள், "ரெண்டு ரூபா இன்னா மரத்துலயா காய்க்குது?" என்று கேட்டு, எதிர் மனுவில் முதல் கைநாட்டு வைத்தாள்.

இரண்டு மனுக்களும் எரிபொருள் சிக்கன மேம்பாட்டுப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஏன் அங்கே போயின என்பது அந்த அலுவலகத்துக்கே தெரியாது. வந்ததை விடுவானேன் என்று அதன் சிறப்பு அலுவலர் மணிபாரதி, பஸ் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்பதை நேரில் சோதித்தறிய நாள் குறித்தார்.

இங்கேதான் சவரிநாதனுக்குப் புத்தி பிசகியது. வண்டி டீசலை மொடக் மொடக்கென்று குடிக்கிறது என்று காட்ட வேண்டிய மனுஷன், ஆபீசர் வருகிறாரே என்று பஸ்ஸைத் தேர்ப் பவனிக்கு ஜோடிப்பது போல ஜோடித்தார். ஃபில்டரை மாற்றினார். டயருக்குக் காற்றடித்தார். இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்தார். கண்டக்டர் எழிலரசன் தன் பங்குக்கு, ஆபீசர் காற்றாட உட்காரட்டும் என்று, ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரிடமும் "அடுத்த நடையில வாங்க" என்று சொல்லிவிட்டான்.

காலி பஸ் பறந்தது. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்.

"தினமும் எவ்வளவு கொடுக்குது?" என்றார் மணிபாரதி.

"நாலு தாண்டாது சார். மாதா மேல சத்தியமா."

"இன்னைக்கு ஏழு. தினமும் இருந்து, இன்னைக்கு இல்லாதது எது? யோசிச்சுச் சொல்லுங்க."

சவரிநாதன் யோசித்தார். "ஜனங்க சார்."

"நீங்களே சொல்லிட்டீங்க. டீசலைக் குடிக்கிறது பஸ் இல்ல. ஜனங்க."

பத்தாம் நாள் ஆணை வந்தது. கட்டண உயர்வுக் கோரிக்கை பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, பயணிகள் என்னும் சுமையைப் படிப்படியாகக் குறைத்திட அறிவுறுத்தப்பட்டது. முதல் கட்டமாகப் படிக்கட்டில் ஒரு எடை மெஷின் வைத்தார்கள். ஐம்பது கிலோவுக்கு மேற்பட்டோர் ஏறலாகாது.

ஊர் கோபப்படும் என்று சவரிநாதன் பயந்தார். ஊர் மெலிய ஆரம்பித்தது. இட்லி சாப்பிடுகிறவர்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். டீக்கடையில் கிரீன் டீ வந்தது. கீரைக்கூடையைக் கீழே வைத்துவிட்டு மெஷினில் ஏறி நின்ற தையலம்மாள், நாற்பத்தெட்டு கிலோ என்றதும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கூடையோடு ஏறினால் அறுபது என்பதால் பஸ்ஸில் மட்டும் அவளை ஏற்றவில்லை. ஆனால் பெருமைக்கு அது ஒரு குறையாக அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் கட்டத்தில், நின்று கிளம்பினால் டீசல் வீணாகிறது என்று ஸ்டாப்புகள் ஒழிக்கப்பட்டன. மூன்றாம் கட்டத்தில் பயணிகளே ஒழிக்கப்பட்டார்கள். காலியாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மானியம் என்றார்கள்.

"இன்னாண்ணே, ஆளே ஏத்தாம ஓட்டறதுக்குப் பேரு பஸ்ஸா?" என்றான் எழிலரசன்.

"வாய மூட்றா. மானியம் வருதுல்ல."

வந்தது, இரண்டு மாசம். கை காட்டி நிற்கிறவர்களைக் கடந்து போகும்போது சவரிநாதனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டார்.

அடுத்து, ஏற ஆளில்லாத பஸ்ஸுக்கு டிக்கெட் எதற்கு என்று கண்டக்டரை இறக்கினார்கள். மைலேஜ் ஏழரையைத் தொட்டது. பஸ்ஸுக்கு மாநில அளவில் விருது கிடைத்தது. மேடையில் சவரிநாதனுக்குப் பொன்னாடை போர்த்தி, நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு மணிபாரதி அவரைத் தனியே அழைத்தார்.

"உங்க எடை என்ன?"

"எழுபத்தி நாலு சார்."

"வண்டியில மிச்சமிருக்கிற அநாவசிய எடை அது ஒண்ணுதான்."

"நான் எறங்கிட்டா பஸ்ஸை யாரு சார் ஓட்டறது?"

"ஏன் ஓட்டணும்? ஓடினாத்தானே டீசல்? மேடையில படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க? விருது பெற்ற வாகனம் இனி அரசின் பெருமை. அதனால அரசுகிட்டயே இருக்கும்."

சவரிநாதன் படித்துப் பார்க்கவில்லை. பொன்னாடை கண்ணை மறைத்திருந்தது. அன்று வீட்டுக்கு நடந்தே போனார், வழியெல்லாம் அழுதார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். நமக்காகத்தான் கொடுக்கிறார்கள் என்று சவரிநாதன் உருகிப் போனார். மனுவில் இருந்தது இதுதான்: எங்கள் ஊர்ப் பெருமையான லூர்து மாதா பஸ் வெயிலில் நிற்கிறது, அதற்கு ஏசி பொருத்தித் தர வேண்டும்.

உடனே பொருத்தினார்கள். கொம்யூன் பஞ்சாயத்துத் திடலில் கொட்டகை போட்டு, இன்ஜினைக் காலை முதல் மாலை வரை ஓட விட்டு, பஸ்ஸை ஜில்லென்று வைத்திருந்தார்கள். நகராத வண்டிக்கு ஊற்றும் டீசல் போக்குவரத்துச் செலவாகாது என்று தனியே ஒரு ஆணை வந்தது. உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள பத்து ரூபாய். டிரைவர் சீட்டுக்கு இருபது. ஞாயிற்றுக்கிழமையில் வரிசை மெயின் ரோடு வரை நின்றது. எழிலரசனுக்கு அங்கே நுழைவுச் சீட்டு கிழிக்கும் வேலை கிடைத்திருந்தது.

மாதா கோயிலில் பூசை முடிந்து ஒரு ஞாயிறு சவரிநாதனும் வரிசையில் நின்றார். எழிலரசன் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாருக்கும் ஒரே ரேட்டுதாண்ணே" என்றான். இருபது ரூபாய் கொடுத்து, ஏறி, தன் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். கை தானாகக் கியருக்குப் போனது. இறங்க மனசு வராமல் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து தையலம்மாள் தோளைத் தட்டினாள்.

"சீக்கிரம் எறங்குப்பா சவரி. ஷேர் ஆட்டோவுக்கு முப்பது, இந்த சீட்டுக்கு இருபது குடுத்துட்டு வந்து நிக்கிறேன். பஸ்ஸ நீயே வெச்சிகினு இருந்தா, நாங்க எப்போ போட்டோ எடுக்கிறது?"