நாற்பது யூரோச் சுவர்

நெதர்லாந்தின் கட்டடக்கலை வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள், டெவென்டர் நகரில் எங்கள் மூன்றாம் மாடிக் குளியலறைச் சுவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். கழிப்பறைப் பீங்கானுக்கு எதிரே உள்ள அந்தச் சுவரை, கொத்தனார் இல்லாமல், நாற்பது யூரோவுக்குள் நானே புதுப்பித்தேன்.

'திட்டக் கூட்டம்' சமையலறையில் கூடியது. உறுப்பினர்கள் நானும் என் மனைவி மார்லூஸும்.

"ஏங்க, ஆளைக் கூப்பிட்டா ரெண்டு நாள்ல முடிச்சிடுவான்."

"ஒட்டுற டைல்ஸ் விக்குது. பின்னாடி தாளை உரிச்சா போதும், குழந்தைகூட ஒட்டும்."

"அப்ப குழந்தையையே கூப்பிடுங்க. அங்க என் நாள்காட்டி தொங்குது, பத்திரம்."

எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக, அதாவது என் மனதாக, நிறைவேறியது.

அது உறவினர் பிறந்தநாள்களைக் குறித்து வைக்கும் நாள்காட்டி. எங்கள் நாட்டில் அதற்கு இடம் கழிப்பறைச் சுவர்தான். உட்கார்ந்தால் உறவினர் அத்தனை பேரும் கண்ணெதிரே. போன வருஷம் மார்லூஸின் பிறந்தநாளை மறந்துவிட்டேன். "இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன். மறுபடி மறந்தீங்கன்னா, அப்புறம் நான் யாரோ நீங்க யாரோ" என்று அறிவித்திருந்தாள்.

சனிக்கிழமை பணி தொடங்கியது. பழைய டைலைப் பெயர்த்ததும் சுவரில் பெரிய பள்ளம். அடைக்கப் பட்டி மாவு வாங்கினால் பட்ஜெட் எகிறும். அப்போதுதான் மேதைகளுக்கு மட்டுமே வரும் அந்த யோசனை வந்தது. நாள்காட்டித் தாள் நல்ல தடிமன்! பன்னிரண்டு மாதங்களையும் கிழித்துப் பசை தடவி அப்பினேன். கடைசியாக மே. அதில் ஏதோ எழுதியிருந்தது. பசை காய்ந்துவிடும் அவசரத்தில் படிக்கவில்லை. அதன்மேல் பளபளவென்று புது டைல்கள்.

மறுநாள் பிற்பகல் மாமியார் பூங்கொத்தோடு வந்து மூன்று முத்தம் கொடுத்தார். "வாழ்த்துகள் மாப்பிள்ளை!"

பின்னால் மச்சான் பெர்டஸ் கையைக் குலுக்கினான். "வாழ்த்துகள் மாப்ளே!"

மனைவிக்குப் பிறந்தநாள் என்றால் கணவனுக்கும் வாழ்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். அது எனக்கு உறைக்கவே இல்லை. சுவரின் புகழ் அதற்குள் பரவிவிட்டதே என்று கண் கலங்கினேன்.

"எல்லாம் ஒத்த ஆளாப் பண்ணினேன், அத்தை!"

மாமியார் மகளைப் பார்த்தார். மார்லூஸ் தானே வாங்கிவந்த கேக்கை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவுக்குக் கேக்!

"எதுக்கும்மா வீண் செலவு?" என்றேன். அவள் வாயே திறக்கவில்லை.

எல்லாரையும் குளியலறைக்கு அழைத்துப் போனேன். "ஒட்டியிருக்கா, சாத்தி வச்சிருக்கியா?" என்று பெர்டஸ் ஒரு தட்டுத் தட்டினான். டைல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மிகுந்த மரியாதையுடன், கீழே இறங்கின. மே மாதம் மட்டும் அசையவில்லை. அன்றைய தேதிக்கு நேரே 'மார்லூஸ்' என்று அவள் கையெழுத்து. அடியில் இரண்டு சிவப்புக் கோடு.

பெர்டஸ் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "நல்லாப் பிடிச்சிருக்கு மாப்ளே."

"வாங்கம்மா, கேக்கை வெட்டலாம்" என்றாள் மார்லூஸ். "அவரு இங்கயே உக்காந்து படிக்கட்டும்."

உட்கார்ந்தேன், படித்தேன். அந்த மாபெரும் சுவரில் நான் உருப்படியாக ஒட்டியது, என் குற்றப்பத்திரிகை ஒன்றைத்தான்.