பூஜை அறையில் அணைந்த கம்ப்யூட்டர்

ஒரு வீடியோவைப் பார்த்து முடித்ததுமே அந்தத் தொழில் தனக்குக் கைவந்துவிட்டதாக நம்புகிறவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். மிக்ஸியைப் பிரித்து மாட்டியபோது ஒரு திருகு மிஞ்சியது. அன்றைக்கே அம்மா என்னை எச்சரித்தார். (மிக்ஸி இன்னமும் ஓடுகிறது. சத்தம்தான் ரைஸ்மில் மாதிரி.) ஆபீஸில் எச்சரிக்க ஆளில்லாமல் போய்விட்டது.

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் வீடு கட்டிக்கொடுக்கும் செல்வம் அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிளான் வரைவதும், கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்துபோவது போல அதைத் திரையில் காட்டுவதும் என் வேலை. கம்ப்யூட்டர், அண்ணன் தொழில் தொடங்கியபோது வாங்கியது. ஹாலிலிருந்து சமையலறைக்கு அம்புக்குறியைத் தட்டிவிட்டுக் கீழே போய் டீ குடித்து வந்தால், அப்போதுதான் நிலைவாசலைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

“அண்ணே, புதுசு ஒண்ணு வாங்கிருவோமே.”

“ஏன், இது ஓடலையா?”

“ஓடலண்ணே. நடக்குது.”

“நடந்தாப் போதும்டா” என்று முடித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் பழனிச்சாமி வீட்டு வேலை பேச்சுக்கு வந்தது. பெரிய வீடு. அது அமைந்தால் மார்க்கெட்டில் இன்னும் நாலு பேர் தேடி வருவார்கள் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தார். பழனிச்சாமியும் மனைவி சரஸ்வதியும் வீட்டைத் திரையில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் நான் அந்த வீடியோவைப் பார்த்தேன்.

பிராசஸர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்களாம். அந்த வரம்பை உயர்த்தினால் கிழட்டுக் கம்ப்யூட்டரும் பாயுமாம். நடுவில் அந்த ஆள், ‘முதலில் உங்கள் பவர் சப்ளை இதைத் தாங்குமா, உள்ளே ஃபேன் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள்’ என்று ஏதோ ஆரம்பித்தார். நான் அந்த இடத்தைத் தள்ளி ஓட்டிவிட்டேன். (விளம்பரம் என்று நினைத்தேன்.) அறுபத்தைந்து வாட்ஸ் என்றிருந்த இடத்தில் நூற்றிருபது என்று போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஹால் பறந்தது. படுக்கையறை பறந்தது. அதற்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் அவர்கள் வந்ததும் ஆபீஸ் டிவியில் இணைத்துக் காட்டினேன். கேட், போர்டிகோ, ஹால் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின.

“நம்மூட்டுக்குள்ளயே போற மாதிரி இருக்குதுங்க” என்றார் சரஸ்வதி அக்கா. அண்ணன் என் முதுகில் தட்டினார். கம்ப்யூட்டரின் ஃபேன் மட்டும், கொடைக்கானல் மலையேறும் பஸ் போல இரைந்தது.

அடுத்தது பூஜை அறை. நான் மிகவும் பாடுபட்டது அதற்குத்தான். நான் சர்ச்சுக்குப் போகிறவன். சாமி அறையில் எத்தனை விளக்கு இருக்கும் என்று தெரியாது. குறைந்துவிடக் கூடாதே என்று இரண்டு பக்கமும் வரிசையாகக் குத்துவிளக்குகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து முகச் சுடர் ஏற்றி, அத்தனையும் பளிங்குத் தரையில் மின்னும்படி செய்திருந்தேன். அவ்வளவு சுடரையும் மினுமினுப்பையும் கணக்குப் போட்டுக் காட்டுவது பிராசஸருக்குப் பெரிய சுமை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கதவு திறந்தது. ‘டப்’. திரை கருத்துவிட்டது.

“கரண்ட் போயிருச்சுங்களா?” என்றார் பழனிச்சாமி. தலைக்கு மேல் மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி போட்டேன். மறுபடி ஹால், மறுபடி பூஜை அறை, மறுபடி ‘டப்’. அண்ணன் சமாளித்தார்: “செத்த நேரம் பொறுங்க. ஏலே, மொதல்ல கிச்சனக் காட்டு.” சமையலறை வந்தது. மாடி வந்தது. குளியலறைகூடக் குறையில்லாமல் வந்தது.

“இப்ப சாமி ரூமுக்குப் போங்க தம்பி” என்றார் அக்கா.

போனேன். ‘டப்’.

அக்காவின் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. “ஏனுங்க, குளிக்கிற ரூமெல்லாம் காட்டுது. சாமி ரூமு மட்டும் ஏனுங்க இருட்டாகுது?”

“அக்கா, அது சாமி இல்லக்கா. நேத்து நான்தான் கம்ப்யூட்டருக்கு வாட்ஸ ஏத்திட்டேன். அது தாங்காம அணையுது” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏத்துனது நீங்களா இருக்கலாம் தம்பி. எங்க அணையோணும்னு நீங்களா சொன்னீங்க?”

அண்ணனைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார். “அப்பறமாச் சொல்றமுங்க” என்று இருவரும் கிளம்பினார்கள்.

கார் தெருமுனையில் திரும்பும்வரை அண்ணன் கையாட்டிக்கொண்டு நின்றார். பிறகு, “ஒரு வீட்டு வேலையவே அணைச்சுப்புட்டியேடா” என்றார். கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழையபடி அறுபத்தைந்தைப் போட்டுவிட்டு வேறு வேலைக்கு விளம்பரம் பார்க்கத் தொடங்கினேன்.

மறுவாரம் பழனிச்சாமி வீட்டிலிருந்து போன் வந்தது. சாமி அறையை வடகிழக்கு மூலைக்கு மாற்றி வரைந்து காட்டச் சொன்னார்கள். மாடிப்படியைத் திருப்பி, ஒரு படுக்கையறையைக் குறுக்கி, எப்படியோ நுழைத்தேன். இந்த முறை அவர்கள் பார்க்க வந்தபோது கம்ப்யூட்டர் பழையபடி ஊர்ந்தது. கதவு திறந்து, விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்து, அணையாமல் அப்படியே நின்றன.

அக்கா கும்பிட்டார். “பாத்தீங்களா? எடம் செரியா இருந்தா நிக்குதில்லீங்களா?”

வாட்ஸ் பற்றி மறுபடி விளக்க வாயெடுத்தேன். அண்ணன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

வீடு கட்டி முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் அக்கா என்னைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்தார். அதற்கப்புறம் நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒருவர் பிளானோடு வந்தார். “தம்பி, எதுக்கும் உங்க கம்ப்யூட்டர்ல ஒருக்கா ஓட்டிப் பாருங்க, எங்காச்சும் அணையுதான்னு.” எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவரைத் தொடர்ந்து வேறு சிலரும் வந்தார்கள். அண்ணன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். ஆனால் வருகிறவர்கள் பழையதில்தான் ஓட்டச் சொல்வதால் அது இன்னமும் ஆபீஸில் இருக்கிறது.

இந்தக் கதை எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் காது வரை போய்விட்டது. போன மாதம் கோவிலைப் புதுப்பிக்க நான் வரைந்த பிளானைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அருளு, இத அந்தப் பழசுலயும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துரு. பீடத்துக்கிட்ட அணைஞ்சுச்சுன்னா எங்கிட்ட மட்டும் சொல்லு. பிஷப்புகிட்டச் சொல்லிராத” என்றார்.