எட்டாவது டிராக்

வாஷிங் மெஷினுக்குள் முதலில் ஒரு ஜோடி பழைய ஷூவைப் போட்டார். சத்தம் சரியாக வரவில்லை. இடுப்பு பெல்ட்டைக் கழற்றிப் போட்டார். அதுவும் தேறவில்லை. ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்து, கொஞ்சம் யோசித்து, அதையும் உள்ளே போட்டு மூடினார்.

அக்கம்பக்கத்தில் அவருக்குச் சத்தக்காரர் என்று பெயர். அவர் தன்னை ஒலிச் சிற்பி என்று சொல்லிக்கொள்வார். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆறு வருடமாக ஒரே ஓர் எலெக்ட்ரானிக் இசை ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பெயர், 'ஆளில்லாத அறைகள்'. வீட்டுக்குள் எழும் சத்தங்களைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் இழுத்து, நசுக்கி, தலைகீழாக ஓட்டி இசையாக்குவார். மனிதக் குரல் கூடாது. எந்தச் சத்தமும் இரண்டாம் முறை வரக் கூடாது. எது எந்தப் பொருளின் சத்தம் என்று அட்டையில் நேர்மையாகப் போட்டுவிடுவார். முதல் டிராக் ஃப்ரிட்ஜ், இரண்டாவது தண்ணீர்க் குழாய் என்று ஏழு முடிந்திருந்தது.

எட்டாவதுக்கான சத்தம் செவ்வாய்க்கிழமை தானாகவே வந்து மாட்டியது. அவர் தன் அறைக்குள் ஹெட்ஃபோனும் தலையுமாக வேறு வேலையில் இருந்தபோது, ஹாலின் இரண்டு மூலையிலும் வைத்திருந்த மைக்குகள் அதைப் பிடித்து வைத்திருந்தன. கடகடவென்று ஓர் உருளல். நடுவில் ஒன்பது விநாடி அமைதி. மறுபடி உருளல். இடது காதில் தொடங்கி வலது காதில் தேய்ந்து போனது. அந்த ஒன்பது விநாடியைக் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாலில் உருளுகிற பொருள் வாஷிங் மெஷின் ஒன்றுதான். அதற்குள் இத்தனை துக்கம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஆனால் கிடைத்தது நாற்பது விநாடிதான். டிராக்குக்கு நான்கு நிமிடம் வேண்டும். இழுத்து நீட்டினால் அந்த அமைதி கெட்டுவிடும்; வெட்டி ஒட்டுவது அவர் அகராதியில் திருட்டு. இன்று வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு ஆல்பம் இணையத்தில் வந்துவிடும் என்று தன்னைப் பின்தொடரும் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மனைவிக்கும் ஒரு வாக்கு இருந்தது. "ஆல்பம் முடியட்டும், உக்காந்து பேசலாம்" என்று சொல்லியிருந்தார். சொல்லி மூன்று வருடமாகிறது. அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் ஷிஃப்ட் வேலை. அவர் அறை வாசலில் சிவப்பு பல்பு எரிந்தால் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். யாரும் என்றால் அவள் ஒருத்திதான். பல்பு அணைந்த நாள் அபூர்வம் என்பதால், சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவாள். செவ்வாய்க்கிழமையும் ஒரு சீட்டு இருந்தது. ஃபேன் காற்றில் அது படபடத்து மைக்கில் ஏறியதால், மடித்து டிராயரில் போட்டுவிட்டார்.

மைக்கை மெஷினுக்கு மேல் தொங்கவிட ஹேங்கர் தேவைப்பட்டது. அவள் அலமாரியைத் திறந்தார். நல்ல வேளை, வெறும் ஹேங்கர்கள் வேண்டிய மட்டும் இருந்தன.

ஸ்பேனர் உள்ளே கிடந்து டமால் டமால் என்று அடித்தது. துக்கம் வரவில்லை, தலைவலிதான் வந்தது. மனைவிக்கு மெசேஜ் அனுப்பினார்.

"செவ்வாய்க்கிழமை மெஷின்ல என்ன போட்ட? அவசரம்."

அரை மணி கழித்துப் பதில் வந்தது. "நான் செவ்வாய்க்கிழமை துணியே துவைக்கல."

"இவளுக்கு எதுதான் ஞாபகம் இருந்திருக்கு?" என்று அலுத்துக்கொண்டார். பிறகு பொறி தட்டியது. துணி இல்லாமல் ஓடியிருக்கிறது! உள்ளே கிடந்ததை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் மெஷினை ஓட்டிப் பார்த்தார். வழுவழுவென்று சுற்றியது. கொஞ்சம் தடுமாறட்டும் என்று அந்த ஸ்பேனராலேயே அடியிலிருந்த ரப்பர் கால் ஒன்றைக் கழற்றி, ஸ்பேனரை அடிப்பக்க இடுக்கிலேயே மறந்துவிட்டார். மெஷின் நடக்க ஆரம்பித்தது. நடந்த வேகத்தில் குழாயைப் பிடுங்கிக்கொண்டது. ஹால் முழுக்கத் தண்ணீர். அவர் முதல் காரியமாக ஓடிப்போய்ச் சிவப்பு பல்பைப் போட்டார். இதுவும் நல்ல சத்தம்தானே.

கதவைத் தட்டாமலே கீழ்வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"சார், எங்க ஹால்ல மழை பெய்யுது!"

சத்தக்காரர் உதட்டில் விரல் வைத்தார்.

"என்ன உஷ்? சோபா மிதக்குதுங்கறேன்!"

"குரல் வரக் கூடாது சார். ரெக்கார்டிங் ஓடுது."

"வீட்டம்மாவக் கூப்பிடுங்க. இந்த வீட்ல மனுஷங்க பாஷ தெரிஞ்சது அவங்க ஒருத்தர்தான்."

"டியூட்டிக்குப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

காலை ஷிஃப்டா, மதியமா என்பது சத்தக்காரருக்கு நினைவில்லை. "வந்துடுவா," என்றார்.

மெஷின் சுவரில் முட்டி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு டிரம் அசையவே இல்லை. கீழ்வீட்டுக்காரர் மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். மெக்கானிக் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. மெஷினைச் சாய்த்து, கையை விட்டு, ஸ்பேனரை வெளியே எடுத்தார்.

"வழக்கமா நாங்கதான் சார் உள்ள மறந்து விட்டுட்டுப் போவோம்."

"ரிப்பேர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை இதுல ஏதோ கோளாறு இருந்துச்சு. அதத் திரும்ப வரவெச்சுக் குடுங்க."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கோளாறுன்னா சத்தத்தக் கேட்டாத்தான் சொல்ல முடியும்."

சத்தக்காரர் ஹெட்ஃபோனைத் தானே அவர் தலையில் மாட்டிவிட்டார். மெக்கானிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். கையைக் காட்டி இன்னொரு தடவை கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். ஆறு வருடத்தில் தன் வேலையை இப்படி ஒருவர் உட்கார்ந்து கேட்டதில்லை. சத்தக்காரர் வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டார். மனைவியையும் ஒரு நாள் இப்படி உட்கார வைத்திருக்கலாம் என்று தோன்றியது. பரவாயில்லை, அட்டையில் 'என் மனைவியின் மௌனத்துக்கு' என்று சமர்ப்பணம் போட்டிருக்கிறார். ஆறு மணிக்குப் பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

"நடுவுல ஒரு எடத்துல நிக்குதே சார்..."

"ஒம்பது செகண்ட்! ஆல்பத்தோட உயிரே அதான். சொல்லுங்க, பெல்ட்டா? பேரிங்கா?"

மெக்கானிக் ஹெட்ஃபோனைக் கழற்றினார். படுக்கையறையைப் பார்த்தார். பல்பு எரிந்துகொண்டிருந்த கதவைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு, கீழ்வீட்டுக்காரர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மெஷின் நின்ன எடத்துலயே சுத்தும் சார். இது சக்கரம் வெச்ச பெட்டி. பெட்ரூம்லேருந்து வருது, இந்தச் செவப்பு லைட்டுகிட்ட கொஞ்ச நேரம் நிக்குது, அப்புறம் வாசலத் தாண்டிப் போயிடுது."