காந்தச் சுவருக்குக் கிடைத்த சான்றிதழ்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கன்வாடிக்கு மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் ரேஷன் கடை. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு விளையாட்டறை, அதில் இருபத்திரண்டு பிள்ளைகள். அந்த அறையின் ஒரு சுவருக்குக் காந்தப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்று ஆவணி மாதம் உத்தரவு வந்தது.

‘மழலையரின் கவனத்தை ஈர்க்கும் பொருட்டு, ஈர்ப்புத் தன்மையுள்ள சுவர் இன்றியமையாததாகிறது’ என்று காரணமும் எழுதியிருந்தார்கள். மேலிடத்தில் யாரோ செல்போனில் வெளிநாட்டுப் பள்ளி வீடியோ பார்த்திருக்கிறார். அதில் பிள்ளைகள் எழுத்துகளைச் சுவரில் ஒட்டி விளையாடினார்களாம்.

பெயிண்ட் அடிக்க சித்தீக் வந்தார். ஒன்பது வருஷம் சார்ஜாவில் இதே பெயிண்டைத்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அடித்தவர். மூன்று கோட்டிங் கொடுத்து, மேலே மாம்பழ மஞ்சள் பூசினார். சுவர் பார்க்க நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் எழுத்துகள் வந்தன. இருநூற்று நாற்பத்தேழும் இரும்புத் தகட்டில் வெட்டியவை. ஆசிரியை செம்மொழி ‘அ’வை எடுத்துச் சுவரில் வைத்தார். விழுந்தது. ‘ஆ’வும் விழுந்தது. ஆய்த எழுத்து உட்பட தமிழ் மொத்தமும் தரையில் கிடந்தது. பிள்ளைகள் இதுதான் விளையாட்டு போலிருக்கிறது என்று கைதட்டினார்கள்.

சித்தீக்கைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“டீச்சர், இந்தப் பெயிண்ட்ல இருக்கறது வெறும் இரும்புத் தூள். காந்தம் எழுத்துல இருக்கணும். சுவரும் இரும்பு, எழுத்தும் இரும்புன்னா எது எதை இழுக்கும்?”

இதையே மேற்பார்வை அதிகாரி இராஜாங்கத்திடம் செம்மொழி சொன்னார். அவர் கோப்பைப் பிரித்து விரல் வைத்துக் காட்டினார்.

“இங்க என்னம்மா எழுதியிருக்கு?”

“காந்தப் பெயிண்ட்னு சார்.”

“அப்ப காந்தம் எங்க இருக்கணும்?”

“பெயிண்ட்ல சார். ஆனா...”

“ஆனாவெல்லாம் உத்தரவுல இல்ல. எழுத்துல காந்தம் ஒட்டணும்னு எங்கயாவது போட்டிருக்கா? வர்ற வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வர்றேன். சுவர் வேலை செய்யலன்னா, கவனக்குறைவா சுவரைக் கெடுத்ததா எழுதி உங்களைக் கோடியக்கரைக்கு மாத்திடுவேன்.”

செம்மொழியின் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. கோடியக்கரை போய்வரவே பகல் போதாது. வியாழக்கிழமை மதியம் அவரும் சித்தீக்கும் உட்கார்ந்து, இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளின் முதுகிலும் பொட்டளவு காந்தத் துண்டை ஒட்டி, மேலே பச்சைத் துணி ஒட்டி மறைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை இராஜாங்கம் ‘அ’வை வைத்தார். டக்கென்று பிடித்துக்கொண்டது. ‘ழ’வை வைத்தார். அதுவும் பிடித்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா? அதிகாரி கண்டிச்சாத்தான் சுவர்கூட வேலை செய்யுது!”

அங்கேயே சான்றிதழ் எழுதி முத்திரை குத்தினார்: ‘மேற்படி சுவர் பூரண காந்த சக்தி பெற்றுள்ளதாகச் சான்றளிக்கப்படுகிறது.’ செம்மொழிக்கு மூச்சு வந்தது.

ஆனால் இராஜாங்கம் கிளம்பவில்லை. பிள்ளைகளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவங்களுக்கு இரும்புச்சத்து மருந்து குடுக்கறீங்கல்ல?”

“ஆமாம் சார்.”

“அப்ப உடம்புல இரும்பு இருக்கு. சுவர்ல காந்தம் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

செம்மொழியால் தாங்க முடியவில்லை. “சார், மன்னிச்சிடுங்க. சுவர்ல காந்தமே இல்ல. நாங்கதான் எழுத்துல ஒட்டினோம்.” ஓர் எழுத்தின் துணியைப் பிய்த்தும் காட்டினார்.

இராஜாங்கம் சான்றிதழில் இருந்த முத்திரையைத் தொட்டுக் காட்டினார்.

“நான் கையெழுத்துப் போட்டுட்டேன்மா” என்றார் அமைதியாக. “இனிமே காந்தம் இருக்கு.”

திங்கட்கிழமை அடுத்த உத்தரவு வந்தது. பாதுகாப்புக் கருதி, குழந்தைகள் காந்தச் சுவரிலிருந்து குறைந்தது பதினைந்தடி தள்ளி இருக்க வேண்டும். அறையின் நீளமே பன்னிரண்டடி. எனவே இருபத்திரண்டு பிள்ளைகளும் ரேஷன் கடை வாசலுக்கு வந்தார்கள்.

ஐப்பசி மழை சாய்ந்து அடித்தது. செம்மொழி தன் சேலைத் தலைப்பால் பிள்ளைகளின் தலையைத் துவட்டிக்கொண்டே பாடம் நடத்தினார். கடையின் இரும்பு ஷட்டரில் அந்த எழுத்துகள் அருமையாக ஒட்டின. பெயிண்ட்டே தேவைப்படவில்லை.

ஊரே இராஜாங்கத்தை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது. டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது.

சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. நடவுக்குப் போய் முழங்கால் பிடித்துக்கொண்ட ராசம்மாள், மழைக்கு ஒதுங்க அந்த அறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்தார். “சுர்ருனு இழுக்குது! வலி இறங்கிப்போச்சு!” என்று வெளியே வந்து சொன்னார். காந்தத்தில் எல்லா நோயும் போகும் என்று போனில் வந்ததாக இன்னொருவர் சொன்னார். மறுநாள் காலை பத்துப் பேர். அதற்கடுத்த நாள் மன்னார்குடியிலிருந்து கார் வந்தது. முதுகைச் சாய்ப்பவர்களுக்கு ஒரு வரிசை, முழங்காலை ஒட்டுபவர்களுக்கு ஒரு வரிசை.

சித்தீக் ஓடி வந்து கத்தினார். “நான் அடிச்ச பெயிண்ட்ங்க! வெறும் இரும்புத் தூள்! எழுந்திரிங்க, புள்ளைங்க நனையுது!”

“உங்களுக்குத் தெரியாது பாய்” என்றார் ராசம்மாள், சுவரை விட்டு நகராமல். “சர்க்காரே முத்திரை குத்திக் குடுத்திருக்கு.”

செம்மொழி கிராம சபையில் எழுந்து நின்று அறையைத் திருப்பிக் கேட்டார். வாக்கெடுப்பு நடந்தது. பிள்ளைகள் ரேஷன் கடையிலேயே சந்தோஷமாக இருப்பதால், அறையைப் பெரியவர்களின் நலனுக்கு ஒதுக்குவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

நானும் கை தூக்கினேன். எல்லாம் எனக்குத் தெரியும். சித்தீக் என்னிடம் இரண்டு தடவை விளக்கியிருக்கிறார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சுவரில் நாலு நாள் சாய்ந்த பிறகுதான், என்னால் வலியில்லாமல் கையை அவ்வளவு உயரம் தூக்க முடிந்தது.