பதினேழாம் நம்பர் பஸ்ஸின் ஒரே பயணி

அந்த ஒரே ஒரு பயணியைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். திங்கட்கிழமையே வேட்பாளருக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

ஊரில் அவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். சட்டசபைக்குப் போனால் வரியைக் கத்தரிப்பேன், செலவைக் கத்தரிப்பேன் என்று நான்கு வருடமாகத் தொண்டை வற்றப் பேசி வாங்கிய பட்டம். வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிடவும் முடியாது. பெயிண்ட் கடை வைத்திருந்தவர், வரி கட்டி மாளாமல் இழுத்து மூடியவர். அதே தெருவில் இன்னும் ஆறு கடைகளின் ஷட்டர் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். மூடிய கடையைத்தான் இப்போது அலுவலகமாக்கியிருந்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

வினை ஒரு காகிதத்தில் வந்தது. கொண்டுவந்தவன் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பிரசாரம் முழுக்க அவன் பொறுப்பு.

“அத்தான், டிப்போ கணக்கு. பதினேழாம் நம்பர், சாயங்காலம் நாலு மணி வண்டி. போன வருஷம் சராசரியா எத்தனை பேர் ஏறியிருக்காங்க பாருங்க.”

பார்த்தார். ஒன்று.

வேட்பாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் பஸ்மேல் அவருக்குப் பழைய கோபம் உண்டு. அவர் அலுவலக வாசலில் ஸ்டாப்பே கிடையாது. ஆனாலும் தினமும் அங்கே வந்ததும் அந்த வண்டி ஊர்ந்து ஊர்ந்துதான் போகும், புகை அத்தனையும் உள்ளே வரும். தலையைத் தூக்காமலே “கதவைச் சாத்துடா” என்பார். இரண்டு முறை புகார்கூட எழுதிப் போட்டிருக்கிறார்.

“ஒரு ஆளுக்கு ஒரு பஸ், ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர்! அந்த ஆளுக்குத் தினம் வாடகைக் கார் வச்சுக் குடுத்தாலும் பாதிச் செலவு மிச்சம்டா. அவரையே மேடையில ஏத்தறோம். ‘ஐயா, உங்களுக்குக் கார், பஸ்ஸை நிறுத்திக்கலாமா?’ன்னு கேக்கறேன். அவர் தலையாட்டினா போதும், கைதட்டல் அடங்காது.”

“யார் அத்தான் அவரு?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உன்னை வச்சிருக்கேன்.”

மச்சான் திங்கட்கிழமை நாலு மணிக்குப் பஸ் ஏறினான். ஜன்னல் காற்று சுகமாக இருந்தது. டிப்போவில் வண்டியைக் கழுவ வந்தவர் எழுப்பித்தான் இறங்கினான்.

“வண்டி காத்து வாங்குது அத்தான். ஒரு ஈ காக்கா ஏறலை.”

“தூங்கினவனுக்கு எப்படிடா தெரியும்?”

“தூங்கறதுக்கு முன்னாடியும் பார்த்தேன், எழுந்தப்புறமும் பார்த்தேன். ஒண்ணுக்குப் பதிலா சைபர். நமக்கு இன்னும் நல்லதுதானே?”

“சைபரை எப்படிடா மேடையில ஏத்தறது?”

அன்று வீட்டுக்குப் போனால் மனைவி ஒரு அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

“மாமா வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கச் சொல்லி மறுபடி போன் வந்தது. நீங்க வரமாட்டீங்க. நானே போய்க் கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன்.”

அவருடைய அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவும் பிள்ளையும் பேசி நான்கு வருடம். அந்தக் கதையை வேட்பாளர் யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல அவசியமும் இல்லை, ஊரே பார்த்ததுதான். அவருடைய முதல் கூட்டம். அரசாங்கச் செலவுக்கு உதாரணம் தேடியவர் வாயில் அப்பா வந்து விழுந்துவிட்டார். “என் அப்பாவையே எடுத்துக்குங்க. அணையில தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பார்க்கற உத்தியோகம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நம்பர் எழுதுவார். முப்பது வருஷம், நாளைக்கு ஒரு நம்பர், மாசம் ஒரு சம்பளம்!” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். பிள்ளை பேசுவதைக் கேட்க ஆசையாக வந்திருந்த அப்பா அவர்.

அதற்குப் பிறகு போன் பண்ணினால் எடுக்கமாட்டார். வீட்டுக்குப் போனால் கதவு திறக்காது. வேட்பாளருக்கும் ரோஷம் வந்துவிட்டது. போவதை நிறுத்திவிட்டார்.

“வேட்பாளர்னு என்னை அறிவிச்ச அன்னிக்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்” என்றார் இப்போது, பெட்டியைப் பார்க்காமல். “ஊரே வந்தது. அவர் வரலை. அதுக்கு அடுத்த நாளே போயிட்டார்.”

மனைவி பெட்டியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினாள். அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு நம்பர். நாலு, ஏழு, ரெண்டு, பதினொண்ணு. எல்லாம் ஓய்வு பெற்ற பிறகு எழுதியது. கடைசி வரியில் முப்பத்தொன்று.

“அணைப்பக்கம் போகவே இல்லை. ஆனா பழக்கம் விடலை பாரு” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே “இன்னிக்கு ஏறியிருக்கு” என்று சந்தோஷமாகச் சொல்வார். இவரும் காரணம் தெரியாமல் கூடக் குதிப்பார். அது ஞாபகம் வந்தது. நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மச்சானுக்கு ஒரு யோசனை உதித்தது. ‘பதினேழாம் நம்பரில் நாலு மணிக்குப் பயணம் செய்பவர் உடனே எங்களை அணுகவும். தினமும் இலவசக் கார்’ என்று ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஒட்டிவிட்டான். இரண்டு மணி நேரத்தில் நாற்பது பேர் அணுகினார்கள். ஒவ்வொருவரும் நான்தான் அந்த ஒரே பயணி என்றார்கள். ஒருவர் சொந்தக் காரில் வந்து இறங்கினார்.

“டிக்கெட் காட்டுங்க” என்று மச்சான் சாமர்த்தியமாகக் கேட்டுவிட்டான். நாற்பது பேரும் டிக்கெட் வாங்கப் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

“இனிமே நீ யோசிக்காதே” என்றார் வேட்பாளர். “நாளைக்கு நானே போறேன்.”

புதன்கிழமை அவரே போனார். வேட்பாளர் தனியாகப் போனால் மரியாதையா? ஆதரவாளர்கள் முப்பது பேர் கூட ஏறினார்கள். காலி பஸ்ஸைப் படம் பிடிக்கக் கேமராக்காரர்கள் ஐந்து பேர். இலவசக் காருக்கு ஆசைப்பட்டவர்கள் வேறு, தங்கள் நாற்பது டிக்கெட்டோடு வந்து சேர்ந்தார்கள். “இந்த வண்டியில் ஆளே இல்லை என்பதைப் பாருங்கள்” என்று கேமராவுக்குச் சொல்ல வேட்பாளர் ஒற்றைக் காலில் நின்று முயன்றார். யாரோ ஒருவருடைய முழங்கை அவர் வாயை மறைத்தது. கண்டக்டரிடம் ஒரு வார்த்தை பேசவும் முடியவில்லை. அவர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை டிப்போ மேலாளர் போன் பண்ணினார். குரல் தழுதழுத்தது.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார். இத்தனை வருஷத்துல அந்த வண்டி நிரம்பி நான் பார்த்ததில்லை. நாளையிலேர்ந்து நாலு மணிக்கே இன்னொரு வண்டியும் விடறோம்.”

“வேண்டாங்க! செலவு…”

“புது டிரைவர், புது கண்டக்டர்கூடப் போட்டாச்சு சார்.”

எதிர் வேட்பாளர் சும்மா இருப்பாரா? ‘ஒரு பஸ்ஸை இரண்டாக்கிய அண்ணன் கத்தரிக்கு நன்றி’ என்று தெருவெங்கும் போஸ்டர் ஒட்டிவிட்டார்.

மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஊரே சிரித்தது. வீட்டில் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“அந்த ஆள் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?” என்றாள். “மறுபடி ஒருத்தரை மேடையில வச்சு ஊரைச் சிரிக்க வைப்பீங்களா?”

அவர் கை சட்டைப்பை மேல் போயிற்று. நோட்டு அங்கேயேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லாமல், அப்பா வீட்டுப் பக்கத்து ஸ்டாப்பில் போய் நின்றார். கார் கிடையாது என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. புது பஸ் காலியாகப் போயிற்று. பின்னால் பழைய பஸ் காலியாக வந்தது. ஏறி, இடது பக்கம் இரண்டாவது ஜன்னலில் உட்கார்ந்தார்.

“அந்தப் பெரியவர் சீட்டு சார் அது” என்றார் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்தபடி. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். வேட்பாளர் முகம் தெரியுமே தவிர, வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது. “இந்த நாலு மணி வண்டியில அவர் ஒருத்தர்தான் வருவார். ரெண்டு மாசமாக் காணோம்.”

வேட்பாளர் நிமிர்ந்தார். கிடைத்துவிட்டார்! ஆனால் அவருக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

“எங்க இறங்குவார்?”

“எங்கயும் இறங்கமாட்டார் சார். இதே வண்டியில திரும்பிப் போயிடுவார்.”

“எங்கயும் இறங்காம ஒரு மனுஷன் எதுக்குங்க தினம் வரணும்?”

பஸ் திரும்பியது. பெயிண்ட் கடையாக இருந்த கண்ணாடி அலுவலகம் தெரிந்தது. வண்டி இப்போதெல்லாம் அங்கே மெதுவாகப் போவதில்லை. உள்ளே மச்சான் கன்னத்தில் கை வைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தது ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

“உங்க ஆபீஸுக்குத்தான் சார்” என்றார் கண்டக்டர். “இங்க வந்ததும் வண்டியை மெதுவா விடச் சொல்லிக் கெஞ்சுவார், கண்ணாடி வழியா உள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணி ஒரு சின்ன நோட்டுல எழுதிக்குவார். கடைசியா வந்த அன்னிக்கு, ‘முப்பத்தொண்ணுப்பா, இன்னிக்கு ஏறியிருக்கு’ன்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.”